வீட்டு நாய் ஆளைக் கடித்தால்: காப்புறுதியா, கைக்காசா, வேலியா?

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. "அம்மா, வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டால் நாய் கடிச்சாலும் அவங்கள் பார்ப்பாங்கள்" என்று ரொறன்ரோவிலிருந்து மகன் சொல்வான். அவன் இருக்கும் ஊருக்கு அது சரி. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக் காப்புறுதிக்குள்ளேயே வீட்டுக்காரரின் தனிப்பட்ட பொறுப்புக்கென்று ஒரு பகுதி இருக்கும். நாய்க்கடி நட்டஈடு அதிலிருந்துதான் போகும். நாய்கள் உண்டாக்கும் காயங்களுக்காக அமெரிக்கக் கம்பனிகள் வருடத்துக்கு 100 கோடி டொலருக்கு மேல் கொடுக்கின்றன. அதனால்தான் அங்கே சில கம்பனிகள் நாயின் இனத்தைக் கேட்டுவிட்டே விலை சொல்கின்றன. ஒன்ராறியோவில் நாய்ச் சொந்தக்காரரின் பொறுப்புக்கென்றே தனிச் சட்டம் உண்டு. அதன்படி சொந்தக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று கடிபட்டவர் நிரூபிக்கவே தேவையில்லை.

இலங்கையின் வன்னியில், கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ, வாங்கும் வீட்டுக் காப்புறுதி வேறு சாமான். அதன் அடிப்படை கட்டடமும் உள்ளே இருக்கும் பொருட்களும்: தீ, மின்னல், வெள்ளம், புயல், களவு. மூன்றாம் நபருக்கான பொறுப்பை, அதாவது வெளியாளுக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பை, பெரும்பாலும் கேட்டுச் சேர்க்க வேண்டும். கேட்காவிட்டால் இல்லாமல் போகலாம். வீட்டுக்கடன் எடுத்தபோது வங்கி போடச் சொன்ன காப்புறுதியை நம்பியிருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அது வங்கி தன் கடனைக் காக்கப் போட்டது. வீடு எரிந்தால் காசு முதலில் வங்கிக்குத்தான். நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே வன்னியில் நாய் வளர்க்கும் வீட்டுக்கு முன்னால் உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன. காசை ஒதுக்கி வைத்துக் கடி நடந்தால் பேசித் தீர்ப்பது ஒன்று. வீட்டுக் காப்புறுதியோடு பொறுப்பையும் சேர்ப்பது இன்னொன்று. வளவுக்குள் தொழில் நடந்தால் தனியாகப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுக்கலாம். அல்லது அந்தக் காசை வேலிக்கும் படலைக்கும் போடலாம்.

## எதை வைத்து அளப்பது

யார், எங்கே கடிபடுவார். வன்னி வளவுக்குள் வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள்: பால் எடுக்க வருபவர், தபால்காரர், மின்மானி பார்ப்பவர், கிராம சேவையாளர், நுண்கடன் அறவிட வருபவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை, மேசன். இவர்களுக்கு நடப்பது ஒரு வகை. ஒழுங்கையில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போகிறவரை நாய் துரத்தி விழுத்துவது வேறு வகை. இரண்டாவதில் பல்லே படாமல் கை முறியும். விழுந்தவரின் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது மூன்றாம் நபர் காப்புறுதி மட்டுமென்றால் அவருடைய சொந்தக் காயத்துக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அவர் உங்கள் படலைக்குத்தான் வருவார்.

செலவு எதில் விழும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அரச வைத்தியசாலையில் இலவசம். வெளிநாட்டு நட்டஈட்டுத் தொகைகளை இங்கே அப்படியே பொருத்த முடியாததற்கு முதல் காரணம் இதுதான். இங்கே சாதாரண கடியின் செலவு பயணமும் போன கூலியும். ஊசி ஒரே நாளில் முடியாது, பல தவணை. காயம் முகத்திலோ கழுத்திலோ ஆழமாகவோ இருந்தால் சீரமும் (உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்பு மருந்து) போட வேண்டிவரும். சிறிய ஆசுபத்திரியிலிருந்து பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்புவார்கள். துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ கூலி வேலை செய்யும் ஒருவர் துணைக்கு ஆளோடு நாலு தடவை போய்வந்தால் ஒரு கிழமை உழைப்புப் போய்விடும். பெருந்தொகை எழுவது மூன்று இடங்களில்: பிள்ளையின் முகத்தில் தழும்பு, எலும்பு முறிவு, உழைப்பாளியின் கைவிரல் நரம்பு.

நாய் யாருடையது. கேட்கச் சின்னக் கேள்வி, வழக்கில் பெரிய கேள்வி. படலையடியில் படுத்து, மிச்சச் சோற்றைத் தின்று, இரவில் உங்கள் வளவுக்காகக் குரைக்கும் நாயை "அது தெருநாய்" என்று பிறகு சொன்னால் அயலட்டை ஒத்துக்கொள்ளாது. காப்புறுதிக் கம்பனியோ மறுபக்கம் நின்று, "பதிவில்லை, ஊசி அட்டை இல்லை, இது உங்கள் நாய்தான் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்கலாம். பொறுப்பு உங்கள் தலையில், காசு மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் அடி.

சட்டம் எதைக் கேட்கும். இலங்கையில் நட்டஈட்டு வழக்கு ரோமன் டச்சுச் சட்ட வழியில் வருவது. சொந்தக்காரரின் கவனக்குறைவு அதில் பெரிய இடம் பிடிக்கும். முன்பும் கடித்த நாய் என்று தெரிந்தும் அவிழ்த்து விட்டீர்களா, படலை திறந்து கிடந்ததா என்று கேட்பார்கள். "நாய் கவனம்" பலகை தொங்கவிட்டால் தப்பலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பலகை எச்சரிக்கை அல்ல. நாய் கடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதே பலகை சாட்சியாகவும் நிற்கும். காயத்துக்கான நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். ஆகவே ஒரு மாதம் சத்தமில்லாமல் போனால் பிரச்சினை முடிந்தது என்று எண்ண வேண்டாம். விலங்கைக் கவனமின்றி வைத்திருப்பது தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் குற்றமும்கூட. பொலிஸ் வழியாக நீதவான் நீதிமன்றம் போடும் தண்டப்பணத்தை எந்தக் காப்புறுதியும் கட்டாது.

காசு எப்போது கைக்கு வரும். கடிபட்டவருக்கு முதல் நாளே ஓட்டோக் காசு வேண்டும். காப்புறுதி மாதங்களில் நகரும்.

## வழி 1: கைக்காசை ஒதுக்கிப் பேசித் தீர்ப்பது

ஊர் வழமை இதுதான். நாய் கடித்த கையோடு வீட்டுக்காரர் போய்ப் பார்ப்பார், ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போவார், கையில் ஏதாவது கொடுப்பார். பெரும்பாலான கடிகள் இப்படித்தான் முடிகின்றன. அதில் பிழையும் இல்லை.

எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு ஒரு கணக்கு: உங்கள் பகுதியில் ஒரு நாள் கூலியைப் பத்தால் பெருக்குங்கள். அதோடு வைத்தியசாலைக்கு இருவர் போய்வரும் செலவை ஐந்தால் பெருக்கிக் கூட்டுங்கள். சாதாரண கடி ஒன்றுக்கு இது போதும். அந்தத் தொகையை வேறு கணக்கில் வைத்தால்தான் அது இருக்கும். நெல் விதைக்கிற காலத்தில் வீட்டில் இருக்கும் காசு வயலுக்குப் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு எழுத்தில்லாத பேச்சில் இருக்கிறது. இன்று வாங்கிக்கொண்டு சமாதானமானவர், ஆறு மாதம் கழித்துக் கை மடங்கவில்லை என்று திரும்பி வரலாம். கொடுத்த காசுக்கு ஆதாரம் இராது. எனவே சிறிய தொகையாக இருந்தாலும் திகதி, சம்பவம், கொடுத்த தொகை, எதற்காகக் கொடுத்தது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தகராறு முற்றினால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சட்டத்தரணி இல்லாமல் இருதரப்பும் நேரே பேசலாம். இணங்கினால் எழுதித் தருவார்கள், இணங்காவிட்டால் அதற்கும் சான்றிதழ் உண்டு.

இந்த வழி தோற்கும் இடம் ஒன்றே: பெரிய காயம். பிள்ளையின் முகத்தில் சத்திரசிகிச்சை என்று வந்தால் ஒதுக்கிய காசு பத்தாது. அடுத்து விற்கப்படுவது மாடு, அதற்கடுத்து நகை.

## வழி 2: வீட்டுக் காப்புறுதியோடு பொறுப்பைச் சேர்ப்பது

நல்லது முதலில். பெரிய தொகை எழும்போது நிற்பது இது ஒன்றுதான். கம்பனி பொறுப்பை ஏற்றால் நட்டஈட்டோடு, பத்திரத்தில் உள்ளபடி சட்டத்தரணிச் செலவையும் பார்க்கும். வழக்குக்கென்று திகதிக்குத் திகதி வவுனியாவுக்கோ முல்லைத்தீவுக்கோ அலைகிற குடும்பத்துக்கு அது சின்ன விடயமில்லை.

ஆனால் இங்கேதான் ஊர் வழமையும் காப்புறுதியும் நேருக்கு நேர் மோதுகின்றன. பொறுப்புக் காப்புறுதிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: கம்பனியின் சம்மதம் இல்லாமல் பிழையை ஒத்துக்கொள்ளக்கூடாது, காசு தருவதாக வாக்குக் கொடுக்கக்கூடாது. வன்னியில் நாய் கடித்தால் மனிதத்தனம் உள்ளவர் முதலில் சொல்வது "அண்ணை, எங்கட பிழைதான், செலவை நாங்கள் பார்க்கிறம்" என்பதே. அந்த ஒரு வசனம் கோரிக்கையைக் கெடுத்துவிடலாம். இதைச் சமாளிக்க வழி உண்டு. ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சாப்பாடு கொண்டு போங்கள், வருத்தம் சொல்லுங்கள். பிழை யாருடையது, எவ்வளவு தருவது என்ற பேச்சை மட்டும் கம்பனிக்கு அறிவிக்கும் வரை தள்ளிப்போடுங்கள். முதலுதவிச் செலவை உடனே கொடுக்கலாமா என்பதைக் காப்புறுதி எடுக்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த பொறி பெயர். போருக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்ட வீடுகளில் பல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில், அம்மாவின் அல்லது அம்மம்மாவின் பெயரில் இருக்கின்றன. காப்புறுதியும் அந்தப் பெயரில் வரும். நாயோ மகனுடையது. வீட்டில் வசிக்கும் குடும்பத்தவரின் பொறுப்பும் அடங்கும் என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில், வீட்டில் இருப்பது பார்த்துக்கொள்ள விட்ட ஆள், நாய் அவருடையது என்றால் சிக்கல் இரட்டிப்பு. காப்புறுதி சுவிஸில் இருப்பவரின் பொறுப்பைப் பார்க்கும். கடித்தது அவருடைய நாய் அல்ல.

வழமையாக அடங்காதவை:

- வீட்டு ஆட்களுக்கே நேரும் கடி. அவர்கள் மூன்றாம் நபர் அல்லர்.
- சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு நேரும் கடி. அது தொழிலாளர் நட்டஈட்டுப் பக்கம் போகும்.
- வளவுக்கு வெளியே நடப்பது, பொறுப்பு வளவுக்குள் மட்டும் என்று எழுதியிருந்தால். யானையும் பன்றியும் விரட்ட வயற் காவல் கொட்டிலுக்குக் கொண்டுபோகும் நாய் இங்கே விடுபடும். ஒழுங்கையில் துரத்தும் நாயும்தான்.
- வளவுக்குள் நடக்கும் கடை, ரியூசன், வாடகை அறை போன்றவற்றுக்கு வந்தவருக்கு நேர்வது.
- தடுப்பூசி போடாமலும், கடிக்கும் என்று தெரிந்தும் கட்டாமலும் விட்டது. "நியாயமான முன்னெச்சரிக்கை" என்ற நிபந்தனையை மீறியதாகக் கம்பனி சொல்லலாம்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று: இந்தப் பொறுப்பு பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது, வீட்டோடுதான் வரும். தேவைப்பட்டது நாய்க்கான பாதுகாப்பு என்றாலும் முழு வீட்டுக்கும் வருடா வருடம் கட்ட வேண்டும். ஓலைக் கூரையோ தற்காலிகக் கொட்டிலோ என்றால் வீட்டையே ஏற்க மறுக்கலாம். கழிவுத் தொகையையும் பாருங்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் இவ்வளவு ரூபாய் உங்களுடையது என்று இருக்கும். சாதாரண கடி பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். அதாவது இந்தக் காப்புறுதி சின்னக் கடிக்கு அல்ல, வீட்டை ஆட்டும் கடிக்கு. அப்படி நினைத்து எடுத்தால் ஏமாற்றம் வராது.

## வழி 3: தொழிலுக்கான பொதுப் பொறுப்புக் காப்புறுதி

வீட்டு முற்றத்தில் அரிசி ஆலை, தையற்கடை, விருந்தினர் அறை, கோழிப்பண்ணை விற்பனை என்று தினமும் வெளியாட்கள் வந்து போகும் வளவுக்கு வழி 2 பொருந்தாது. வீட்டுக் காப்புறுதி தொழிலை விலக்கும். இங்கே பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்து, காவல் நாய் இருப்பதை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். எழுதாமல் மறைத்தால் கட்டுக்காசு கொஞ்சம் குறையலாம், ஆனால் கோரிக்கை வரும் நாளில் முழுப் பத்திரமும் செல்லாமல் போகலாம். அறைக்கு வந்து தங்குகிறவர் தூரத்து ஊர்க்காரர். அவரோடு ஊர் வழமையில் பேசித் தீர்க்க முடியாது, நேரே கடிதம்தான் வரும். இந்த வகை வீடுகளுக்கு இது கட்டாயம் என்பது எங்கள் முடிவு. மற்ற வீடுகளுக்கு வீண் செலவு.

## வழி 4: காசை வேலிக்கும் படலைக்கும் போடுவது

வன்னி வேலிகளில் பல நாயைத் தடுக்கக் கட்டியவை அல்ல, மாட்டைத் தடுக்கக் கட்டியவை. ஐந்து வரி முள்ளுக்கம்பிக்குக் கீழால் நாய் படுத்து நுழையும். கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலியில் அடிப்பக்கம் வெளியாகிக் கிடக்கும். பனையோலை வேலி அடியில் கறையான் பிடித்து, மாரியில் உக்கி, தை மாதம் பார்க்கும்போது நாய் போக ஓட்டை இருக்கும்.

வேலை செய்ய வேண்டிய இடம் கீழ் ஒரு முழம். சுற்றி முழுவதும் மதில் கட்டத் தேவையில்லை. இருக்கும் வேலியின் உட்பக்கமாக இரண்டு அடி உயரத்துக்குக் கம்பிவலை அடித்து, அடியில் அரை அடியை மண்ணுக்குள் புதைத்து, மேலே கல்லோ உடைந்த ஓடோ வைத்தால் தோண்டுவது நிற்கும். பாயும் நாயென்றால் ஐந்து அடி உயரம் வேண்டும்.

படலைதான் கடி நடக்கும் இடம். தானாகச் சாத்தும்படி மேல் பிணைச்சலைப் படலை கொழுவும் தூணின் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் பொருத்தினால் பாரத்தில் தானே மூடும். அழைப்பு மணியோ ஒரு தகரமோ படலைக்கு வெளியே தொங்கட்டும். ஆள் உள்ளே வந்து கூப்பிடத் தேவையில்லை. தபாற்பெட்டியும் பால் வைக்கும் தட்டும் வெளியே திறக்கும்படி இருந்தால் தினமும் வருகிற இருவருக்கு ஆபத்து அப்படியே போய்விடும்.

சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுதும் ஒரே மரத்தில் கட்டிய நாய் அமைதியாகாது, மூர்க்கமாகும். சங்கிலி அறுந்த அன்று கடிப்பது அதுதான். இரண்டு மரங்களுக்கிடையே 20, 25 அடிக்குத் தலைக்கு மேலே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியைக் கொளுவினால் நாய்க்கு நடமாட இடம் கிடைக்கும். சங்கிலி எட்டும் தூரத்துக்குள் நடைபாதையும் கிணற்றடியும் வராமல் பாருங்கள்.

இதில் வருடாந்தத் தடுப்பூசியும் சேரும். அரச முகாமில் இலவசம். ஊசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கடிபட்டவருக்கு என்ன சிகிச்சை என்று வைத்தியர் தீர்மானிக்கும்போது முதலில் கேட்பவற்றில் ஒன்று நாயின் ஊசி விபரம். தொடர்ந்து போட்ட அட்டை இருந்தால் கடிபட்டவரின் சிகிச்சையும் அலைச்சலும் குறையக்கூடும். அட்டையில் நாயின் நிறம், பால், பெயர் எழுதியிருக்க வேண்டும். வெறும் "நாய் 1" என்ற அட்டை எதையும் காட்டாது.

குறை என்னவென்றால், வேலி காசு தராது. ஒருநாள் படலை திறந்து கிடந்தால் எல்லாம் போச்சு. ஆனால் கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு அது கண்ணால் காணும் ஆதாரம். மத்தியஸ்த சபையிலும் நீதிமன்றத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் அதற்கு மதிப்பு உண்டு.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கைக்காசு | வீட்டோடு பொறுப்பு | தொழில் பொறுப்பு | வேலி, படலை, ஊசி |
|---|---|---|---|---|
| சின்னக் கடி | நன்று | கழிவுத் தொகைக்குள் போகும் | அதே | கடியைத் தடுக்கும் |
| பெரிய காயம் | பத்தாது | நன்று | நன்று | காசு தராது |
| ஒழுங்கையில் துரத்தல் | பேசலாம் | பத்திரத்தைப் பார்க்க | பத்திரத்தைப் பார்க்க | நன்று |
| காசு வரும் வேகம் | அன்றே | மாதங்கள் | மாதங்கள் | பொருந்தாது |
| செலவு | ஒருமுறை ஒதுக்கு | வருடா வருடம் | வருடா வருடம், கூட | ஒருமுறை, பிறகு பராமரிப்பு |
| கெடுப்பது | எழுதாத பேச்சு | அவசர வாக்கு, பெயர் மாறாட்டம் | மறைத்த நாய் | திறந்த படலை |

## எந்த வீட்டுக்கு எது

ஊர் நாய் ஒன்று, வருகிறவர்கள் தெரிந்தவர்கள், கூலி வருமானம் என்றால் வழி 4ஐ முதலில் முடித்து, வழி 1இன் தொகையை ஒதுக்குங்கள். காப்புறுதிக்கு அவசரமில்லை.

ஜேர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர் போன்ற பெரிய நாய், அல்லது ஒருமுறை கடித்த நாய், அதோடு பள்ளிப் பிள்ளைகள் போகும் ஒழுங்கை: வழி 4உம் வழி 2உம் சேர்ந்தே வேண்டும். முன்பு கடித்ததைக் கம்பனிக்குச் சொல்லியே எடுங்கள்.

கல்வீடு, வெள்ளத்துக்கும் புயலுக்கும் எப்படியும் காப்புறுதி எடுக்கப் போகிறீர்கள் என்றால் பொறுப்பைச் சேர்ப்பதற்கான மேலதிகக் கட்டணத்தைக் கேளுங்கள். இந்த நிலையில்தான் வழி 2 மலிவாக வரும். நாய்க்காக மட்டும் வீட்டுக்குக் காப்புறுதி எடுப்பது எதிர்க்கணக்கு.

வெளிநாட்டுச் சொந்தக்காரர், பார்த்துக்கொள்ளும் ஆள் என்றால் நாய் யாருடையது என்பதை முதலில் எழுத்தில் தீருங்கள். வீட்டுச் சொந்தக்காரரின் பெயரிலேயே பிரதேச சபையில் பதிந்து, ஊசி அட்டையும் அதே பெயரில் இருந்தால்தான் காப்புறுதி பேசும்.

முகவரிடம் வாய்மொழியாகக் கேட்டு விடாமல் இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் எடுங்கள்: வீட்டு நாயால் வரும் காயம் அடங்குமா, வளவுக்கு வெளியே நடந்தால், வீட்டில் வசிக்கும் எல்லோருடைய பொறுப்பும் அடங்குமா, ஒரு சம்பவத்துக்கும் வருடத்துக்கும் உச்சத்தொகை என்ன, கழிவுத் தொகை என்ன. பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். கோரிக்கையை மறுத்தால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதற்குப் பிறகு, காப்புறுதி முறைப்பாடுகளைக் கேட்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

எந்த வழியை எடுத்தாலும் கடி நடந்த அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். அன்றே வைத்தியசாலை. ஊசி அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். கம்பனிக்கு அன்றைக்கே தொலைபேசி, அடுத்த நாள் எழுத்து. கோபத்தில் நாயை அடித்துக் கொல்லாதீர்கள், காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். அது 14 நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நாய் காணாமற் போனால் அதற்கு விசர் இல்லை என்று காட்ட வழியிராது. கடிபட்டவர் முழு ஊசியையும் போட வேண்டிவரும், அந்தப் பயணச் செலவும் உங்கள் கணக்கில் ஏறும். இடையில் நாய் செத்தால் புதைக்க முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைக் கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிப்பார்கள். ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். உறையும் பெட்டிக்குள் போட வேண்டாம்.